காற்புள்ளிக்கு இந்தப் பக்கம்

செண்பகத்துக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் இங்கிலீஷில் எழுதிய ஓர் ஆய்வேட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை அவள் முன்னால் வைத்தால், ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் விரலை அதன்மேல் வைத்துவிடுவாள். எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே விரல் அங்கே போயிருக்கும்.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து பஜாருக்குப் போகிற சாலையில், மருந்துக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் அவளுடைய கடை. பலகையில் ‘செண்பகம் கம்ப்யூட்டர்ஸ்’ என்று பன்மையில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஒன்றுதான். ஜெராக்ஸ், லேமினேஷன், கம்பெனி வேலைக்கு பயோடேட்டா எல்லாம் உண்டு. அவளுக்குப் பெயர் வந்தது வேறொரு வேலையால். ஆய்வேட்டின் முடிவில், யார் யார் எழுதியதையும் சொன்னதையும் வைத்து இதை எழுதினேன் என்று எழுத்து வரிசையில் ஒரு பட்டியல் வரும். ரெஃபரன்ஸ் என்பார்கள். அந்தப் பட்டியலுக்குப் பல்கலைக்கழகம் விதி வைத்திருக்கிறது. பெயரின் கடைசிப் பகுதி முதலில், அப்புறம் ஒரு காற்புள்ளி, மிச்சப் பெயர், அடைப்புக்குள் வருடம், முற்றுப்புள்ளி, சாய்ந்த எழுத்தில் தலைப்பு, மறுபடி முற்றுப்புள்ளி. நான்கு வருடம் ஆராய்ச்சி செய்தவர்கள்கூட இந்த இடத்துக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். “புள்ளி அக்காகிட்ட குடுத்துடு” என்று யாராவது வழி சொல்வார்கள்.

புள்ளி அக்கா பொன்னேரிப் பக்கத்தில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்து டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் அடித்துக் கொடுத்த முதல் ஆய்வேடு, பட்டியல் சரியில்லை என்று திரும்பி வந்தது. முதலாளி திட்டினார். அவள் அழவில்லை. அந்த ஆய்வு மாணவரையே உட்காரவைத்து, எது எங்கே வர வேண்டும் என்று ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து காட்டச் சொன்னாள். எழுதிக் காட்ட அல்ல, வரைந்து காட்ட. பதினெட்டு வருடமாக அந்தப் படத்தைத்தான் அவள் மனசில் வைத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தின் நான்கு பக்க விதித்தாளை லேமினேஷன் செய்து சுவரில் மாட்டியிருக்கிறாள். அவள் கைப்பட்ட ஆய்வேடு எதுவும் அதற்குப் பிறகு திரும்பி வந்ததில்லை.

அறிவு எந்த வழியாக வருகிறது என்று யோசித்த நம் பழைய ஆட்கள், கண்டது, கண்டதை வைத்துக் கருதியது, பிறர் சொல்லக் கேட்டது என்று மூன்றாகப் பிரித்தார்கள். கேட்டதற்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை வைத்தார்கள். சொன்னவர் நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டும். அப்படியானால் சொன்னவர் யார் என்று முதலில் தெரிய வேண்டும். செண்பகம் இதையெல்லாம் படித்தவளில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் பெயரில்லாத ஒரு வரியைப் பார்த்தால் “இத்த யாரு சொன்னது?” என்று கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டாள். இதை வைத்து அவளைப் பெரிய ஞானி என்று சொல்லிவிட முடியாது. அவள் கண் புள்ளியைப் பார்த்த அளவுக்குப் பெயரைப் பார்த்ததில்லை. அது ஒரு குறைதான். அவளுக்கே அது தெரியாமல்தான் இருந்தது.

அவள் கணவன் மோகன்ராஜ், ஓர் இரும்பாலையின் ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறவன். திருவள்ளூரில் ஆள் ஏற்றி, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கொண்டுவந்து விடுவான். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. அப்பா தேசப்பனுக்கு அங்கே நெல் வயல். மகன் வயலை விட்டுவிட்டு ஸ்டீயரிங் பிடித்ததில் தேசப்பனுக்கு மனத்தாங்கல் உண்டு.

மோகன்ராஜ் ஒரு நோட்டு வைத்திருந்தான். 2012-இல் ஒருநாள், பெரியபாளையத்தை அடுத்த ஆரணி தாண்டி ஒரு மாடு குறுக்கே வர, சட்டென்று பிரேக் போட்டான். தூங்கிக்கொண்டிருந்த ஃபிட்டர் ஒருவர் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். “பஸ்ஸுல எத்தினி பேரு தூங்கிக்கினு இருந்தாங்கோ?” என்று சூப்பர்வைசர் கேட்டபோது மோகன்ராஜால் சொல்ல முடியவில்லை. மறுநாளிலிருந்து எண்ண ஆரம்பித்தான். பெரியபாளையத்தில் ஆள் ஏற இரண்டு நிமிடம் பஸ் நிற்கும். அந்த நேரத்தில் உள்கண்ணாடியைப் பார்த்து, தேதி, ஷிஃப்ட், ஏறியவர், தூங்குகிறவர் என்று எழுதுவான். பாதிக்கு மேல் தூங்கினால் பாட்டுப் போடமாட்டான், பிரேக்கை மெதுவாக மிதிப்பான். ஓரத்தில் சின்னக் குறிப்பும் இருக்கும். ‘மழை, ஜன்னல் மூடியாச்சு, 33.’ ‘பொங்கலுக்கு முந்தின நாள், 2.’ ‘கடைசி சீட்டுதான் நல்லா தூக்கம் வர்ற சீட்டு.’ பன்னிரண்டு வருடத்தில் பன்னிரண்டு நோட்டு சேர்ந்தது. முதல் நோட்டின் அட்டையில் அவனே ‘தூங்குமூஞ்சி நோட்டு’ என்று எழுதியிருந்தான்.

வீட்டில் அந்த நோட்டுகளுக்குப் பெரிய மரியாதை இல்லை. 2016-ஆம் வருடத்து நோட்டின் அட்டையில் டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. வைத்தது செண்பகம்.

“தூங்கறவன எண்றது ஒரு வேலையாய்யா?” என்பாள்.

“நீ மட்டும் இன்னா, நாள் பூரா புள்ளி வெச்சிக்கினு கீற. நான் ஆளயாவது எண்றேன்” என்பான் அவன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பேச்சு, போன வருடம் ஏஞ்சல் கடைக்கு வந்த அன்று வேறு பக்கம் திரும்பியது.

ஏஞ்சல், பீட்டரின் மகள். பீட்டர் அதே இரும்பாலையில் கிரேன் இயக்குபவர், மோகன்ராஜின் பஸ்ஸில் பதினைந்து வருடமாக வருகிறவர், பெரும்பாலும் தூங்கிக்கொண்டு. அவருடைய அப்பா காலம்வரை அந்த வீட்டில் எல்லோருக்கும் அடுத்தவர் வயலில்தான் வேலை. ஏஞ்சல் சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்களின் தூக்கத்தைப் பற்றி. அவள் கொண்டுவந்த நகலில் நான்காம் இயலில் ஒரு பெரிய அட்டவணை இருந்தது. கீழே ‘ஆதாரம்: ஒரு பேருந்து ஓட்டுநர்’ என்று இங்கிலீஷில் போட்டிருந்தாள்.

செண்பகத்தின் விரல் அங்கே நின்றது. “ஒரு டிரைவர்னா? பேரு இல்லியா அவுருக்கு?”

“கீதுக்கா.”

“அப்ப போடணும் இல்ல? யாரோ ஒருத்தர் சொன்னாருன்னு நீ எழுதுனா, யாரோ ஒருத்தர் பட்டம் வாங்கிக்கினு போவாங்க.”

ஏஞ்சல் சிரித்தாள். “உங்க ஊட்டுக்காரருதாங்கா. அப்பா சொல்லி வாங்கினேன். பன்னெண்டு நோட்டும் எங்கிட்டதான் கீது. அவுரு உங்ககிட்ட சொல்லல?”

பழைய பேப்பர்காரனுக்குப் போயிருக்கும் என்றுதான் செண்பகம் நினைத்திருந்தாள். ஏஞ்சல் அட்டவணையை விளக்கினாள். ஷிஃப்ட் மாறுகிற வாரத்தில் தூங்குகிறவர் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது, மூன்றாம் வாரம் எப்படி இறங்குகிறது, வயது ஏற ஏற என்ன ஆகிறது. பன்னிரண்டு வருடமாக ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எண்ணியது வேறெங்கும் கிடைக்காது என்று அவளுடைய கைடு சொன்னாராம். “என் தீசிஸே இந்த நோட்டுதாங்கா” என்றாள். செண்பகம் அட்டவணையின் கோடுகளை நேராக்கினாள்.

அன்று மாலை மோகன்ராஜிடம் விஷயத்தைச் சொன்னாள். அச்சடிக்காத நோட்டுக்கும் பட்டியலில் இடம் உண்டு, எழுதியவர் பெயர், வருடம், நோட்டின் தலைப்பு, ‘வெளியிடப்படாதது’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் என்றாள். நடுவில் எங்கெல்லாம் அந்த நோட்டைப் பற்றிப் பேச்சு வருகிறதோ அங்கெல்லாம் அடைப்புக்குள் பெயரும், ஒரு காற்புள்ளியும், வருடமும் வரும்.

“தூங்குமூஞ்சி நோட்டுன்னேவா போடுவாங்க?”

“நீ அப்படித்தானே பேரு வெச்ச.”

“தெரிஞ்சிருந்தா நல்ல பேரா வெச்சிருப்பேன்.”

புள்ளி வைப்பதைக் கிண்டல் செய்தவன், அதற்குப் பிறகு தினமும் சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டான். “என் பேரு எந்தப் பக்கத்துல வருது?” பஸ்ஸிலும் சொல்லிவிட்டான். நாற்பது பேருக்கும் தெரிந்துபோயிற்று. சமர்ப்பிக்கிற அன்று ஒரு பிரதியை பஸ்ஸில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து ஏஞ்சலிடம் வாக்கு வாங்கினார்கள். அவன் வாழ்க்கையில் டிரைவிங் லைசென்ஸையும் கல்யாணப் பத்திரிகையையும் தவிர வேறு எதிலும் அவன் பெயர் அச்சில் வந்ததில்லை. ஆகவே அவன் ஆசைப்பட்டதை அற்பம் என்று சொல்ல எனக்கு மனசில்லை.

சமர்ப்பிக்கும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே ஐந்து பிரதிகளும், ஏஞ்சல் தனக்கென்று கேட்ட ஆறாவதும் பைண்டிங் முடிந்து கடையில் அடுக்கியிருந்தன. காலை ஷிஃப்ட்டை இறக்கிவிட்டு, நாஷ்டா முடித்து, மோகன்ராஜ் நேராகக் கடைக்கு வந்தான். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு மேலே இருந்த பிரதியை எடுத்தான். கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். செண்பகம் ஒரு பையனின் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எம் எழுத்துல பாத்தேன். இல்லியே.”

“எம்முலதான் இருக்கும். நல்லா பாருய்யா.”

“மூணு வாட்டி பாத்துட்டேன்.”

பக்கங்கள் பின்னால் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். “டியில கீது. தேசப்பன், கமா, மோகன்ராஜ்.” விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு கேட்டான். “எங்க நைனா எப்ப பஸ் ஓட்டுனாரு?”

ஜெராக்ஸ் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செண்பகம் திரும்பி வந்து பார்த்தாள். புள்ளி சரி. காற்புள்ளி சரி. வருடம், அடைப்பு, சாய்ந்த எழுத்து எல்லாம் சரி. எழுதியவர் மட்டும் மாமனார்.

நடந்தது இதுதான். இனிஷியலைச் சுருக்காமல் முழுப் பெயராகப் போடச் சொல்லியிருந்தார் ஏஞ்சலின் கைடு. தே. மோகன்ராஜ் என்பதை இங்கிலீஷில் விரித்தபோது மோகன்ராஜ் தேசப்பன் ஆனது. பெயரின் கடைசிப் பகுதி முதலில் என்பது விதி. பதினெட்டு வருடப் பழக்கத்தில் செண்பகத்தின் கை கடைசி வார்த்தையைத் தூக்கி முன்னால் வைத்தது. விதி எழுதியவர்களின் ஊரில் கடைசியில் இருப்பது குடும்பப் பெயர், நம் ஊரில் அது அப்பா. இருவருமாகப் புரட்டி எண்ணியபோது, நடுவிலும் பதினாலு இடத்தில் ‘தேசப்பன்’ என்றே இருந்தது. தேசப்பன் இப்படிக் கணக்கெடுத்தார், தேசப்பன் கடைசி சீட்டைப் பற்றி இப்படிக் குறிப்பிடுகிறார் என்று.

மோகன்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. “நெல்லு எண்ண மாட்டேன்னு போயிட்டு, தூங்கறவன எண்றியாடான்னு கேட்டாரு எங்க நைனா. இப்ப அவுருதான் எண்ணியிருக்காரு.”

“நான்தான்யா பண்ணிட்டேன்” என்றாள் செண்பகம்.

“நோட்ட நீ எழுதியிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா? செண்பகம் மோகன்ராஜ். அப்ப என் பேரு முன்னாடி வந்திருக்கும். அடுத்த வாட்டி நீ எண்ணு, எனக்குப் பேரு வரும்.” இன்னும் சிரித்தான். பிறகு புத்தகத்தை மூடி, அட்டையைத் தன் சட்டை முனையால் ஒருமுறை துடைத்து, இருந்த இடத்திலேயே நேராக வைத்தான். “பரவால்ல. உடு” என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனான்.

சிரித்ததை அவள் நம்பினாள். ‘உடு’ என்றதை நம்பவில்லை. இருபத்து மூன்று வருடமாக அவனோடு வாழ்கிறவள். குழம்பில் உப்பில்லை என்றால் ஊரைக் கூட்டுவான். வலித்தால் மட்டும்தான் ‘உடு’ என்பான்.

அவள் சுவருக்குப் போய் விதித்தாளைப் பார்த்தாள். முதன்முறையாக அதைப் படித்தாள் என்று சொல்வதே சரி. தன் மகன் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பழைய அகராதியை வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக. மூன்றாம் பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாதவர்களுக்கு, அவரவருக்கு இட்ட பெயரே முதலில் வர வேண்டும். அந்த வரியின் முடிவில் முற்றுப்புள்ளி ஒன்று விட்டுப்போயிருந்தது. அதை அவள் வருடக்கணக்காகப் பார்த்து, மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். வரி என்ன சொல்கிறது என்று பார்த்ததில்லை.

ஏஞ்சலுக்குப் போன் செய்தாள். “ஏஞ்சலு, புக்க பிரிக்கணும்.”

“அக்கா, வெள்ளிக்கிழமை குடுக்கணும்கா. கைடு பாத்துட்டாரு, சரின்னுட்டாரு. யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க.”

“கண்டுபுடிக்கிறதுக்கா நீ பேரு போடற?”

“அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னிய ஊட்டுல சேக்க மாட்டாரு. பிரிங்கக்கா” என்றாள் ஏஞ்சல்.

ஒரு பெயரைத் திருப்பிப் போடுவது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் டி வரிசையில் இருந்தவனை எம் வரிசைக்குக் கொண்டுபோனால் நடுவில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு இடம் நகர வேண்டும். பக்கங்கள் நகரும். பதினாலு இடத்தில் பெயர் மாற வேண்டும், ஆறு பிரதியும் மறுபடி அச்சாக வேண்டும், மறுபடி பைண்டிங். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே கடையைத் திறந்து ‘இன்று ஜெராக்ஸ் இல்லை’ என்று எழுதி ஒட்டினாள். இந்தமுறை பட்டியலைப் புள்ளிக்காகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்க இன்னும் மூன்று அப்பாக்கள் வந்தார்கள். கங்கம்மா என்கிற பேராசிரியை எழுதிய கட்டுரை அரசப்பன் பெயரில் இருந்தது. அன்புசெல்வன் எழுதியது தாவீது பெயரில். அவர்களையெல்லாம் ஏஞ்சலிடம் கேட்டு உறுதி செய்து, உரியவர்களை முன்னால் கொண்டுவந்தாள்.

பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருடத்தில் எத்தனை அப்பாக்களை அவள் ஆராய்ச்சியாளர்கள் ஆக்கினாளோ. விதை நெல் வாங்கப் போனவர், மாடு மேய்த்தவர், கம்பெனி வாசலில் கேட்டைத் திறந்துவிட்டவர் என்று எத்தனையோ பேர், இந்நேரம் பல்கலைக்கழக நூலகத்தில் வேதியியலும் பொருளாதாரமும் எழுதியவர்களாக அலமாரியில் நின்றுகொண்டிருப்பார்கள். யாரும் புகார் சொல்லி வரவில்லை. அவளுக்குத் தன்னையும் மீறிச் சிரிப்பு வந்தது. பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் ஒரு போன். மாமனார்.

“ஏம்மா செண்பகம், என் பேரு யுனிவர்சிட்டி புக்குல வந்துக்கிதாமே. மோகனு நேத்து சொன்னான்.”

“மாமா, அது வந்து…”

“தக்காளி மண்டிக்காரன்கிட்ட சொன்னேன். அவன் நம்பல. உரக்கடைக்காரன் நம்பிட்டான். பேங்க் மேனேஜருக்கே சொல்லியாச்சு. பதினாலு எடத்துல வருதாமே?”

இப்போது எடுத்தால் கிழவரின் மனசு என்ன ஆகும்? அதற்காக அப்படியே விட முடியுமா? செண்பகம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையது, நோட்டு மோகன்ராஜ் எழுதியது, பெயரை மாற்றி அடித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

ஆர்.கே.பேட்டை சந்தையின் இரைச்சலுக்கு மேல் தேசப்பன் குரலை உயர்த்தினார்.

“அப்ப என் பேர எடுத்துட்டியா?”

“எடுக்கல மாமா. முன்னாடி அவுரு பேரு, ஒரு கமா, அதுக்கு அந்தாண்ட உங்க பேரு. மோகன்ராஜ், கமா, தேசப்பன். பட்டியல்ல நீங்க கீறீங்க. நடுவுல வர்ற பதினாலு எடத்துலதான் இல்ல.”

“கமாவுக்குப் பின்னாடியா?”

“பின்னாடிதான்.”

தேசப்பன் யோசித்தார். “பரவால்ல மா. பின் சீட்டுலதான் நல்லா தூக்கம் வரும்னு உன் ஊட்டுக்காரனே எழுதி வெச்சிருக்கானாமே.” பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். “அவன் நெஜமாவே பன்னெண்டு வருஷம் விடாம எழுதினானா?”

“ஒரு நாள் விடல மாமா. லீவு நாளுக்கு லீவுன்னு எழுதிக்கிறாரு.”

“வயல்ல ஒரு நாளு ஒழுங்கா நின்னதில்ல” என்றார் தேசப்பன். அவர் வாயிலிருந்து மகனைப் பற்றி இதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

மாலை ஆறு மணிக்கு ஆறு பிரதியும் தயார். மோகன்ராஜிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. அவனும் சாப்பிடும்போது பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்து, அவளும் காலி பஸ்ஸில் திருவள்ளூருக்குப் போனாள். “ஏஞ்சலுக்கு புக்கு குடுக்கணும்” என்று மட்டும் காரணம் சொன்னாள். திருவள்ளூரில் ஏஞ்சல் காத்திருந்தாள். ஐந்து பிரதிகளைப் பையில் வாங்கிக்கொண்டு, ஆறாவதைத் தன் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, சென்னை ரயிலைப் பிடிக்க ஓடினாள். ஆள் ஏறியது, பஸ் கிளம்பியது. செண்பகம் டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் பீட்டர், ஆய்வேட்டை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு.

பெரியபாளையத்தில் பஸ் நின்றது. எல்லோரும் முன்னால் வந்துவிட்டார்கள். ஒரு வெல்டர் பீட்டரின் மடியிலிருந்து புத்தகத்தை உருவினார். இன்னொருவர் டி வரிசையைத் திறந்தார், மோகன்ராஜ் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான்.

“இன்னாபா, உங்க நைனா இங்க இல்லியே?”

“நல்லா பாரு, கீறாரு” என்றான் மோகன்ராஜ், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

“எம்முல பாருங்க” என்றாள் செண்பகம்.

வெல்டர் புரட்டினார். விரலை வைத்து, இங்கிலீஷில் உரக்கப் படித்தார். மோகன்ராஜ், தேசப்பன். 2012 முதல் 2023 வரை. தூங்குமூஞ்சி நோட்டு. வெளியிடப்படாதது. கடைசிப் புள்ளியைக்கூட “ஃபுல்ஸ்டாப்” என்று சேர்த்தே படித்தார். பஸ் முழுக்கச் சிரிப்பும் கைத்தட்டலும். ஒருவர் “நான்தான் அந்த முப்பத்திமூணுல ஒருத்தன்” என்றார். இன்னொருவர் தன்னைப் பற்றி எழுதிய பக்கம் எது என்று கேட்டார்.

மோகன்ராஜ் திரும்பி அவளைப் பார்த்தான். “நேத்து ஜெராக்ஸ் இல்லன்னு போர்டு போட்டியாமே. பேக்கரிக்காரர் சொன்னாரு.”

“வேல இருந்துச்சு.”

“எல்லா எடத்துலயுமா?”

“பதினாலு. அப்புறம் பட்டியல்ல ஒண்ணு.”

இந்தமுறை அவன் ‘உடு’ என்று சொல்லவில்லை. இந்த வருட நோட்டை எடுத்தான். பழக்கத்தில் உள்கண்ணாடியைப் பார்த்தான். நாற்பது பேரும் அவன் தலைக்கு மேலே கவிந்து நின்றதில் கண்ணாடியில் முதுகுகளும் டிபன் பைகளும் தவிர எதுவும் தெரியவில்லை.

“கண்ணாடியில ஒண்ணும் தெரியல. நீ எண்ணு” என்றான்.

செண்பகம் எழுந்து நின்று எண்ணினாள். பின் சீட்டுவரைக்கும் காலி, எல்லோரும் முன்னால்தான். எல்லோரும் விழித்திருந்தார்கள். அவன் எண்ண ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு நாள் நோட்டில் இல்லை. சைபர் என்று சொல்ல வாயெடுத்தவள் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தது தெரியாமல், கைகளை அப்படியே ஏந்தி வைத்தபடி, பீட்டர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“என்னயும் சேத்து நாப்பத்தொண்ணுல ஒண்ணு” என்றாள்.

மோகன்ராஜ் எழுதினான். தேதி, ஷிஃப்ட், 41, 1. பிறகு ஒரு கணம் யோசித்து, அதற்குப் பக்கத்தில் அடைப்புப் போட்டு இன்னும் ஏதோ எழுதி, நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

(செண்பகம் 2025)

“நான் பாக்கல இல்ல. நீ சொன்னது. பேரு போடணும் இல்ல?” என்றான்.

அவள் அதைப் பார்த்தாள். இந்தமுறை பெயரைத்தான் முதலில் பார்த்தாள். அடுத்து விரல் தானாகப் பெயருக்கும் வருடத்துக்கும் நடுவில் போய் நின்றது.

“கமா எங்கய்யா?”

“அத்த நீயே வெச்சிக்கோ” என்று பேனாவை நீட்டினான். அவள் வைத்தாள். அவன் பாட்டுப் போடாமல், பீட்டருக்காக மெதுவாக கியரை மாற்றி வண்டியை எடுத்தான்.